மாடியறையில் உன் பாதி

என் அன்பு மச்சான் சன்னாசி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். உன்னிடம் அதைக் கேட்டால் யார் பதில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. அதனால் நான் நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை.

உன் இப்போதைய விலாசம் இங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுப் பதிப்பை அங்கேயும் யாராவது வாங்குவார்கள், உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. தபாலை நம்ப முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் தபால்காரர் நம் மாடிக்கு ஒருநாளும் ஏறியதில்லை, கீழே கோப்பிக்கடையில் கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பது உனக்குத் தெரியும். நம்மிடமே ஏறாதவர் உன்னிடம் எங்கே ஏறப்போகிறார்?

விஷயத்துக்கு வருகிறேன். நம் அறையில் உன் பாதியை உன் மகள் புவனா கேட்கிறாள். அங்கே உட்கார்ந்து தைக்கப்போகிறாளாம். கொடுக்கவே கூடாது என்று உன் மனைவி அஞ்சலை சொல்கிறாள். அறை என் பேரில் இருப்பதால் கடைசி வார்த்தை என்னுடையது என்று இருவரும் நினைக்கிறார்கள். நான் இருவரிடமும் "சரி" என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பதில் கேட்க வருகிறார்கள். இன்று வியாழன்.

உனக்குச் சிரிப்பு வரும். "ஒண்ணும் ஆகாது மச்சான்" என்பாய். இருபது வருஷத்துக்கு மேலாக நம் அறையில் வேலைப் பங்கீடு அப்படித்தான் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்வது உன் வேலை. ஆகிவிடுமோ என்று பயப்படுவது என் வேலை. இரண்டில் எனக்குத்தான் ஓய்வு கிடைத்ததில்லை.

நம் இருவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காக அறையைப் பற்றி ஓரிரு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். தரையில் கோப்பிக்கடை. அதன்மேல் கடையின் சீன முதலாளியான தவுக்கேயின் குடும்பமும் சரக்கு மூட்டைகளும். அதற்கும் மேலே, ஓட்டுக்கு நேர் கீழே, நாம். அறையின் நடுவில் நின்றால் மட்டும் தலை நிமிரலாம். ஓரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் பணிவானவர்களாகிவிடுவார்கள். கிள்ளானிலிருந்து நீ காலை பஸ்ஸில் வந்து ஒரு பாதியில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பாய். மறுபாதியில் நான் மொழிபெயர்ப்பு செய்து, சமைத்து, தூங்கி, குடியிருந்தேன். குடும்பம் இல்லாதவனுக்கு அதுவே வீடு. நடுவில் துணியில் குறி போடும் சாக்குக் கட்டியால் நீ ஒரு கோடு போட்டிருந்தாய். அது அழியும்போதெல்லாம் நீயே மறுபடி போடுவாய். ஒவ்வொரு தடவையும் அது என் பக்கம் கொஞ்சம் நகரும். நான் கேட்டால், "பலகை சுருங்கிருச்சு மச்சான், வெயிலுதான்" என்பாய்.

வெயிலைப் பற்றி நீ சொன்னதில் அது ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் உண்மை. மதியம் ஓடு காய்ந்து அறைக்குள் இறங்கும்போது என் தட்டெழுத்து யந்திரத்தின் சாவிகளைத் தொட்டால் விரல் பின்வாங்கும். மின்சாரம் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தி ஒருநாள் தானாக வளைந்து எனக்கு வணக்கம் சொன்னது.

இப்போது என் கையில் இருக்கும் வேலை தீப்பாதுகாப்புச் சிற்றேடு. "நீங்கள் இருக்கும் கட்டடத்தின் இரண்டு வெளியேறும் வழிகளையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள்" என்று நேற்று நல்ல தமிழில் எழுதினேன். எழுதிவிட்டு நம் ஒரே படிக்கட்டைப் பார்த்தேன். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போகவேண்டிய படி. நடுத்தளத்துக்கு மேலே ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புவனாவுக்கு அது முழுதாகத் தெரியாது. தெரியாமலேயே கேட்கிறாள். நீ காவடி எடுத்தது தெரியும். அது அறையை விட்டு எப்படி வெளியே வந்தது என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு இழுத்து இழுத்து, உதடு நீலமாகிக் கிடக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்றாய். பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி என்று அங்கேயே நேர்ந்துகொண்டாய். அவள் பிழைத்தாள். விரதத்துக்கு வீட்டை விட்டு விலகி இருக்கவேண்டும் என்று நம் அறைக்கு வந்து தரையில் படுத்தாய். சுத்தமான இடம் என்று நீ தேர்ந்தெடுத்த அறைக்குக் கீழேயிருந்து நாள் முழுக்கப் பன்றிக் கொழுப்பில் மீ நூடுல்ஸ் வறுக்கும் வாசம் வந்தது. கதவிடுக்கைச் சீருடைத் துணி வெட்டுகளால் அடைத்துச் சாம்பிராணி போட்டாய். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தீ என்று நினைத்துத் தெருவுக்கு ஓடினார்கள். தவுக்கே ஒரு வாளித் தண்ணீரோடு மேலே வந்து, உன்னையும் புகையையும் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார்.

காவடியை நீயே கட்டினாய். அலுமினியச் சட்டம், வளைவுகள், மயிலிறகு, மணி. ஒவ்வொரு மாலையும் ஒரு வளைவு கூடியது. நான் தட்டெழுதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன், அது சாக்குக் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது. ஊரில் எல்லோருடைய தோளையும் இடுப்பையும் அளக்கிறவன் நீ. தூக்கத்தில்கூட உன் கழுத்திலிருந்து டேப் இறங்கியதில்லை. விரதம் தொடங்கிய அன்று அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாய்.

"அளந்து பார்த்தியா சன்னாசி?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"புள்ளைக்கு நேந்துக்கிட்டத இஞ்ச் கணக்குலயா செய்யறது? கண்ணால பாத்து மனசால செய்யணும் மச்சான்."

பூசத்துக்கு முந்தின மாலை லோரி வந்து நின்றது. காவடிக்குப் பூசை போட்டாயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். திருப்பம்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சாய்த்துப் பார்த்தோம், பக்கவாட்டில் பார்த்தோம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

"தலைகீழா திருப்பிப் பாக்கலாமா?"

"சாமி சாமான தலைகீழாவா? ஒனக்குப் புத்தி இருக்கா லா?"

"அப்ப பிரிச்சு எடுத்துட்டுப் போயி கீழ மாட்டு."

"பூச போட்டாச்சு. பூச போட்டத யாராச்சும் பிரிப்பாங்களா? இது எம் புள்ள மூச்சுடா."

தவுக்கே ஏறி வந்தார். காவடியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு உன் வெறுங்கழுத்தைப் பார்த்து மலாயில் கேட்டார்: "டெய்லர், இங்க எப்பவும் ஒரு டேப் தொங்குமே, அது எங்கே போச்சு?" அவர் விரலை மேலே காட்டினார். கூரை.

சீனி மூட்டை ஏற்றும் கயிறும் மூங்கிலும் அவர் கொடுத்தவை. ஓடுகளைக் கழற்றி, குறுக்கே ஓடிய சட்டங்களில் இரண்டை அறுத்து, உன் மகளின் மூச்சை வானம் வழியாக வெளியே எடுத்தோம். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. காவடி மயிலிறகு படபடக்க ஓட்டின் மேலிருந்து இறங்க, "வேல் வேல்" என்று குரல் எழுந்தது. ஒரு பெண் தேங்காய் உடைத்தாள். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கட்டடத்தில் இரண்டாவது வெளியேறும் வழியைப் பயன்படுத்தியவர் முருகன் ஒருவர்தான். சிற்றேட்டில் அதை எழுத முடியாது.

கழற்றிய ஓடுகளில் பாதி உடைந்துபோயின. பழைய பஸ் ஒன்றின் சன்னல் கண்ணாடியைக் கிள்ளானில் எங்கேயோ வாங்கி வந்து அந்த இடத்தில் பதித்துத் தார் பூசினாய். அதற்குப் பிறகு உன் பாதியில் பகல் வந்தது. என் பாதியில் வழக்கம்போல மாலைதான். மழை பெய்தால் கண்ணாடியின் ஒரு மூலையில் ஒழுகும். தகரத் தட்டு வைப்பேன். அறுத்த சட்டங்களை நீ இரண்டு ஆணியில் ஒட்டவைத்திருந்தாயே, அவை தாங்குமா என்று காற்று அடிக்கும்போதெல்லாம் கேட்பேன். "ஒண்ணும் ஆகாது."

போன வருஷம் அந்த மதியமும் அதையே சொன்னாய்.

கல்யாண மாதம். ரவிக்கைகள் குவிந்திருந்தன. வெயில் நேராகக் கண்ணாடியில் நின்றது. "கொஞ்சம் வேர்க்குது மச்சான்" என்று தரையில் உட்கார்ந்தாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கோப்பிக்கடைத் தொலைபேசிக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு ஏறினார்கள். திருப்பத்தில் கட்டில் நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலே சுவரில் அந்தக் கீறல் இருந்தது. பிறகு உன் மர நாற்காலியில் உன்னை உட்காரவைத்து, மார்பை என் கைலிச் சாரத்தால் கட்டி, நால்வர் இடித்து மோதி இறக்கினோம். திருப்பத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சொன்னாய். அதுதான் நீ பேசிய கடைசி.

சில நிமிஷங்கள் முன்பே வந்திருந்தாலும் வித்தியாசம் இல்லை என்றார் டாக்டர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யாரிடம் கேட்பது? உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அந்தப் படியா, அந்த வெயிலா, அல்லது எதுவுமே இல்லையா? சொல்லேன்.

இது தெரியாமல் நான் எப்படி உன் மகளை அங்கே உட்காரவைப்பேன்?

அஞ்சலையைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொல்லுங்க, போதும். எம் பேச்ச அவ கேக்க மாட்டா. போர்ட் கிள்ளான்ல எந்தம்பி மொதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கான். கிளார்க்கு வேல. ஏர்கோன் ரூமு. லிஃப்ட்டு இருக்குண்ணே, லிஃப்ட்டு!"

"நல்ல வேலதான் அஞ்சலை."

"அந்த ரூமு எம் புருசன முழுங்கிருச்சு. எம் புள்ளையையும் கொண்டுபோயி அதுக்குக் குடுக்கணுமா? நீங்களும்தான் ஏன் அங்கேயே கெடக்குறீங்க? வயசாகல?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே அழுதாள். ரசம் தட்டை நிரப்பியது. "சரி" என்றேன். எதற்குச் சரி என்று நான் பிரித்துச் சொல்லவில்லை. ரசத்துக்கா, வேலைக்கா என்று அவளும் கேட்கவில்லை.

புவனா அதற்கு முந்தின வாரமே கோப்பிக்கடைக்கு வந்து பேசியிருந்தாள். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று: நீ போன பிறகு சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய துணிக்கடையின் தையல் பிரிவில் சேர்ந்தாள். பரதநாட்டிய உடைகள் தைக்கிறார்கள். கடையில் சன்னல் கிடையாது.

"மாமா, டியூப் லைட்டுல பாத்து நூல் எடுத்துத் தச்சேன். கச்சிதமா சேந்திருந்துச்சு. மேடையில வெயில் மாதிரி லைட்டுப் போட்டாங்க பாருங்க, பச்சப் பட்டுல கரை நீலமா நிக்கிது! டான்ஸ் டீச்சர் அந்தத் துணிய என் மூஞ்சிக்கு நேரா வீசுனாங்க."

"வேற கடைக்குப் போறது."

"எல்லாக் கடையும் சன்னல அடைச்சு ஏர்கோன் போட்டுட்டாங்க மாமா. எனக்குப் பகல் வேணும். கோலாலம்பூர்ல பகல் இருக்கிற ரூமு எனக்குத் தெரிஞ்சு அப்பா ரூமு ஒண்ணுதான்."

இதை அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவளைத் தேடி நேராக வந்து கேட்கும் நடனக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்களாம், நிறம் பிசகாமல் கொடுத்தால். இந்தத் தடவை பிசகினால் அவர்களும் போய்விடுவார்கள். பிறகு லிஃப்ட்டுதான். "சரி" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. உன் பாதியில் போய் நிற்கிறேன். அவளுடைய நாற்காலி எங்கே வரும், இஸ்திரிப்பெட்டியை எங்கே வைப்பாள், மதியம் அவள் தலைக்கு மேலே எவ்வளவு சூடு நிற்கும் என்று பார்க்கிறேன். அவளுக்கு அந்தக் குழந்தை மூச்சு இன்னும் நெஞ்சில் எங்கேயாவது ஒளிந்திருக்குமா? ஒரு ஓடு நழுவினால்? கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் அஞ்சலை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? கொடுக்காமல் அவளை லிஃப்ட்டில் ஏற்றி அனுப்பினால், உன் முகத்தை? இந்த இரண்டாவது கவலை அவசரமில்லை என்று வைத்துக்கொண்டாலும் என் வயதில் அதுவும் தூரமில்லை.

மழை தொடங்கிவிட்டது. தட்டு வைக்கவேண்டும். மிச்சத்தை ஞாயிறு கழித்து எழுதுகிறேன்.

*

ஞாயிறு மாலை.

மச்சான், முதலில் வந்தது புவனா. காலை எட்டு மணிக்கெல்லாம் படியில் சத்தம் கேட்டது. ஏறும் சத்தம் இல்லை. இரண்டு படி ஏறும், நிற்கும், ஒரு படி இறங்கும். திருடனாக இருந்தால் மிகவும் குழப்பமான திருடன் என்று எட்டிப் பார்த்தேன். உன் மகள் கழுத்து டேப்பை எடுத்துப் படியை அளந்துகொண்டிருந்தாள். அகலம், உயரம், திருப்பத்தில் மூலைக்கு மூலை. அளந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"இது என்ன மாமா, செவுத்துல இவ்ளோ நீட்டுக் கீறலு?"

"உங்கப்பா காவடி."

மேலே வந்து உன் பாதியில் நின்றாள். சாக்குக் கோடு ஒரு வருஷமாகப் போடப்படாமல் ஏறக்குறைய மறைந்திருந்தது. அதை நான் தாண்டுவதில்லை. அவள் பார்க்காமலே தாண்டினாள். கைப்பையிலிருந்து பச்சைப் பட்டுத் துண்டையும் நாலைந்து நூல்கண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்கு எல்லாம் ஒரே பச்சை. அவள் ஒன்றை எடுத்து, "இதுதான்" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க கண்ணாடி போடணும்னு யாருக்கு மாமா தோணுச்சு?"

"நீதான் காரணம்."

"நானா?"

சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து, ஆணியில் மாட்டிய டேப், தவுக்கேயின் விரல், ஓட்டின் மேலே வேல் வேல் வரை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழுத்தை வளைத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுகுதே மாமா," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா. இருபது வருஷமா."

பிறகு உன் நாற்காலியை இழுத்து அதையும் அளந்தாள். கையில் எழுதியதோடு ஒப்பிட்டாள். நான் சொல்ல வைத்திருந்த பதிலைத் தொண்டையில் எடுத்துவைத்துக்கொண்டேன். "புவனா, நான் யோசிச்சுப் பாத்தேன், இந்த வெயிலுல..."

"மத்தியானம் நான் இங்க இருக்க மாட்டேன் மாமா. பன்னெண்டு மணிக்கு மேல வெயிலு நேரா விழும்போது கலர் வெளுத்துத் தெரியும், வேலைக்கு ஆகாது. கொக்கி, மணி தைக்கிறத கீழ தவுக்கே கடையில உக்காந்து பாத்துக்குறேன். அப்பா மத்தியானம் உக்காந்ததுதான் தப்பு. உங்க வெயிட்டு எவ்வளவு?"

"என்ன?"

"உங்க வெயிட்டு. மெஷின மேல கொண்டாறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, கழட்டிக் கொண்டாந்துருவேன். உங்களக் கீழ கொண்டுபோறதுதான் எனக்குக் கவல. நீங்க ஒத்த ஆளு, இங்கேயே படுத்து எந்திரிக்கிறீங்க. உக்காருங்க."

மச்சான், எத்தனையோ பேரிடம் என் எடையை மறைத்திருக்கிறேன். அவளிடம் முடியவில்லை. நான் அவளைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூங்காமல் கிடந்த அதே வாரம் அவள் என்னைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். அவள் தூங்கினாளா என்று கேட்கவில்லை.

கீழேயிருந்து தவுக்கேயின் மகன் ஆ லெக்கும் கோப்பி கலக்கும் பையனும் அழைக்கப்பட்டார்கள். உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துச் சாரத்தால் மார்பைக் கட்டினாள். உன்னைக் கட்டிய மாதிரியே. அவள் கை ஒரு கணம் நின்றது, பிறகு முடிச்சு போட்டது. அவள் முன்னால் பின்னோக்கி இறங்க, ஆ லெக் முன்கால்களைப் பிடிக்க, பையன் முதுகைப் பிடிக்க, நான் அந்தரத்தில் கிளம்பினேன்.

"பெலான் பெலான், ஆ லெக், மெதுவா! முன்னங்கால தூக்கு. இன்னும் தூக்கு. இப்ப செவுத்துப் பக்கம் சாய். மாமா, கைய உள்ள வைங்க!"

"மாமா ரொம்ப கனம் லா," என்றான் ஆ லெக்.

"படிச்சவங்க அப்படித்தான் இருப்பாங்க. சாய்!"

திருப்பம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தக் கீறல் என் மூக்குக்கு நேரே இருந்தது, பிறகு பின்னால் போனது. நாற்காலி நிற்கவில்லை. முன்கால்களை அந்த உயரத்துக்குத் தூக்கிச் சுவர்ப்பக்கம் சாய்த்தால் நிற்காமல் திரும்புகிறது. அதை யாராவது முன்பே அளந்து பார்த்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் முகத்திலும் அது இருந்தது.

கடைசிப் படியில் தவுக்கே நின்றிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது அவருக்கு. என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த சாமி கூரை வழியா வராதா?" என்றார்.

அதே சமயம் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் டிஃபன் கேரியரோடு வந்து நின்றாள் அஞ்சலை. கட்டிய சாரமும், நாற்காலியும், சாய்ந்த தலையுமாக நான் வெளியே வந்தேன்.

"ஐயோ! அண்ணே!"

டிஃபன் கேரியர் விழுந்து உருண்டது. நான் அவசரமாகக் கையைத் தூக்கினேன். "உசிரோடதான் இருக்கேன் அஞ்சலை. இது ஒத்திகை."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மகளின் தோளில் இரண்டு அடி வைத்தாள். "எரும! எரும! என்னக் கொல்லப் பாக்குறியா?" பிறகு அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே நாற்காலியைப் பார்த்தாள். எந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிய சாரத்தைப் பார்த்தாள்.

"அந்த வளைவுல நின்னுச்சா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"நிக்கலம்மா. ஒரே மூச்சுல வந்துட்டோம்," என்றாள் புவனா.

அஞ்சலை வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். கோப்பிக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அஞ்சலை என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே? எனக்குச் சரின்னீங்க. அவளுக்கு என்ன சொன்னீங்க?"

மச்சான், நாற்காலியில் கட்டிப்போட்டவனால் எங்கேயும் ஓட முடியாது. என் வாழ்க்கையில் பாதிப் பதில்களிலிருந்து நான் எழுந்து போய்த் தப்பித்தவன். இந்தத் தடவை முடிச்சு பின்னால் இருந்தது.

"அவன் பாதி அவளோடது அஞ்சலை," என்றேன். "நான் குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ மூச்சுக்காகப் போட்ட ஓட்டைதான் அது."

அஞ்சலை துணையில்லாமல் தனியாகப் படியேறினாள். நீ இருந்த காலத்திலும் அவள் மேலே வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புவனா பின்னால் போகப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். மேலே பலகையில் அவள் நடப்பது கேட்டது. உன் பாதியில் நடந்தாள், நின்றாள், நகரவில்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அந்தக் கண்ணாடியின் கீழே அவள் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன், யாரும் அவிழ்க்கவில்லை. அவள் குனிந்து, நாற்காலியின் பின்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"கால் ஆடுது. ஆணி அடிச்சு வைக்கச் சொல்லுங்கண்ணே. எப்ப வேணும்னாலும் வேணும்ல." பிறகு மகளிடம், திரும்பிப் பார்க்காமல்: "பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான். நான் போன் பண்ணுவேன். தவுக்கேகிட்டக் கேப்பேன்."

"சரிம்மா."

"சரின்னா எந்தச் சரி? ஒங்க மாமா சரியா?"

எனக்கு அதில் பேச உரிமை இல்லை.

ஆணி இன்று மாலையே அடித்தாயிற்று. நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன்மேல் துணி, புத்தகம், எதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பல வருஷம் மொழிபெயர்த்த பாதுகாப்பு அறிவிப்புகளில் எனக்குப் புரிந்து நான் கடைப்பிடிக்கும் முதல் அறிவிப்பு இதுதான். மாதம் ஒருமுறை ஒத்திகையாம். ஆ லெக் நான் மெலிய வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நாளைக் காலை அவள் வருகிறாள். இப்போதே உன் ஆணி இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டேன், இஸ்திரிப்பெட்டிக்கு இடம் பார்த்துவிட்டேன், அவள் மூச்சு சத்தம் எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியாமல் கேட்பதற்கு எங்கே உட்காரவேண்டும் என்றும் பார்த்துவிட்டேன். சாக்குக் கோட்டை அவள் போடப்போவதில்லையாம். அப்படியானால் என் பாதி எங்கே முடிகிறது என்பதும் இனி கவலைதான்.

மச்சான், வாக்குக் கொடுக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் கண்ணாடியைச் சுற்றிப் புதுத் தார் பூசுவேன், ஆனால் கண்ணாடியை எடுக்க விடமாட்டேன். பன்னிரண்டு அடித்ததும் உன் மகளைக் கீழே அனுப்புவேன், அவள் திட்டினாலும். அவளிடம் ஒருநாளும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லமாட்டேன். அதை நீ இரண்டு பேருக்கும் போதுமான அளவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். பயப்படுகிற வேலையை மட்டும் உன் பங்கையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே கழுத்தில் டேப்போடு இரு.

உன் மனைவி அண்ணன் என்றும் உன் மகள் மாமா என்றும் அழைப்பதால் உனக்கு மச்சானாக ஆகிப்போன,

கதிரேசன்
மாடியறை, மறுபாதி